பேர் தெரியாத பிசுபிசுப்புக்கு ஒரு பேர்: 'கூ'

அலமாரியின் அடித்தட்டில் பல வருடமாகக் கிடந்த ஒரு டார்ச் லைட்டைப் போன மாதம் வெளியே எடுத்தேன். வாங்கிய புதிதில் அதன் கைப்பிடி ரப்பர் பூசினாற்போல மெத்தென்று, பிடிக்கச் சுகமாக இருக்கும். இப்போது தொட்டதும் விரல் ஒட்டிக்கொண்டது. விரலை எடுத்தால் 'பிச்' என்று ஒரு சின்னச் சத்தம். என் ரேகை அப்படியே கைப்பிடியில் பதிந்திருந்தது. அலமாரித் தூசியும் ஒரு தலைமுடியும் ஏற்கெனவே அங்கே சிக்கியிருந்தன. நான் அதன்மேல் எதையும் கொட்டவில்லை. யாரும் பசை தடவவில்லை. பேட்டரியும் கசியவில்லை. அப்படியானால் இது என்ன?

ஆங்கிலம் பேசுகிறவர் இந்தக் கேள்வியில் சிக்கிக்கொள்ள மாட்டார். 'கூ' என்று சொல்லிவிட்டு, துடைக்கத் துணி தேடப் போய்விடுவார்.

குயிலின் 'கூ' இல்லை. 'தங்கம்' என்று சொல்லும்போது ங்-குக்குப் பின்னால் வருகிறதே, அந்த அழுத்தமான க ஒலியில் தொடங்கி உதட்டைக் குவித்து முடிக்க வேண்டும். அகராதியைத் திறந்தால் 'பிசுபிசுப்பான, ஒட்டுகிற பொருள்' என்பார்கள். பேச்சு வழக்கு என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருக்கும். அதோடு முடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சொல்லின் உயிர் இன்னொரு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். 'இது என்னவென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை, கையில் ஒட்டுகிறது, அவ்வளவுதான்' என்கிற முழு வாக்கியத்தையும் அந்த ஓர் அசை சுமக்கிறது.

இது எனக்கு உறைத்தது ஒரு தவறால். கருவிகளோடு வரும் பயன்பாட்டுக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவது என் பிழைப்பு. ஒரு குறிப்பில், கருவியின் அடியில் ஏதாவது 'கூ' படிந்திருந்தால் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள் என்று ஒரு வரி இருந்தது. நான் யோசிக்காமல் 'பசை இருந்தால் துடைக்கவும்' என்று போட்டுவிட்டேன். சரிபார்த்தவர் திருப்பி அனுப்பினார்: "என்னங்க, எந்தப் பசை? பசை தடவச் சொல்லி முன்னாடி எங்கேயும் வரலையே?" அவர் கேட்டது நியாயம். பசை என்றால் யாரோ ஒருவர் எதையோ ஒட்டுவதற்காகத் தடவியது. அதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. 'கூ'வுக்கு நோக்கமே கிடையாது. அது வந்து சேர்கிறது.

'பிசின்' என்றும் போட முடியாது. அது மரத்திலிருந்து வருவது, ஊர் பேர் தெரிந்தது. 'கோந்து' புட்டியில் இருப்பது. 'அழுக்கு' என்றால் ஒட்டுகிற குணம் போய்விடுகிறது. 'மசகு' என்றால் எந்திரத்துக்குத் தேவையானது, துடைத்தால் வம்பு. தமிழில் ஒட்டுகிற பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அத்தனை பெயர்ச்சொற்களும் தத்தம் பொருளை அடையாளம் கண்டுகொண்டுதான் வாயைத் திறக்கின்றன. அடையாளம் தெரியாத நிலையில் தமிழ் என்ன செய்கிறது என்றால், பெயரையே விட்டுவிட்டுக் கை உணர்ந்ததைச் சொல்கிறது: பிசுபிசு என்கிறது, கொழகொழ என்கிறது, வழவழ என்கிறது. 'என்னமோ பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு' என்பதுதான் 'கூ'வின் நேர்த் தமிழ். அதில் 'என்னமோ' என்ற சொல்லை விட்டால் பாதி அர்த்தம் போச்சு.

இந்த இரட்டைக்கிளவிகளை ஆங்கிலம் கண்டு பொறாமைப்படலாம். ஏனென்றால் 'கூ' ஒரே மூட்டையில் கட்டிவிடுகிற மூன்று அனுபவங்களை நாம் பிரித்து வைத்திருக்கிறோம். விரலை வைத்து எடுக்கும்போது விட மறுத்தால் பிசுபிசு. விரல் உள்ளே போய்க் கெட்டியாகப் பூசிக்கொண்டு வந்தால் கொழகொழ. விரல் நிற்காமல் வழுக்கினால் வழவழ. என் டார்ச் சந்தேகமில்லாமல் முதல் வகை. முட்டையின் வெள்ளைக்கரு மூன்றாவதில் தொடங்கி, காயக் காய முதலாவதுக்கு வந்து சேரும்.

ஒலியைக் கொஞ்சம் கவனித்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். வழுவழுப்பு, கொழகொழப்பு, கூழ், குழம்பு, விழுது, மெழுகு, கொழுப்பு, சீழ், வழுக்கல், நழுவல், குழைவு. நெளிகிற, வழிகிற, கையில் நிற்காத பொருள்கள் பலவற்றிலும் ழகரம் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டுகிற பக்கம் போனால் பிசின், பிசுக்கு, பிசைதல், பிசுபிசுப்பு என்று 'பிசு' குடும்பம். ஏழிலும் எழுத்திலும் கூடத்தான் ழகரம் இருக்கிறது, அவை ஒன்றும் வழுக்கவில்லை. ஆகவே இதை விதியாக்க முடியாது. ஆனாலும் காதுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. ஆங்கிலத்திலும் இப்படித்தான். 'ஸ்ல' என்று தொடங்கும் சொற்களில் ஒரு பெரிய கூட்டம் சேறும் சகதியுமாக இருக்கிறது: ஸ்லைம், ஸ்லஷ், ஸ்லட்ஜ், ஸ்லாப். 'க்ல' பக்கம் போனால் ஒட்டுகிறவை: க்ளூ, க்ளாப், க்ளூப். பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930-இல் இத்தகைய ஒலிக்கொத்துகளுக்கு 'ஃபோனஸ்தீம்' என்று பெயர் வைத்தார். பொருள் தரும் சொற்பகுதி என்று சொல்லவும் முடியாது, வெறும் ஒலி என்று தள்ளவும் முடியாது. நடுவில் எங்கோ நிற்கிறது. 'கூ' என்று சொல்லிப் பாருங்கள். தொண்டையில் எழுந்து, உதடு குவிந்து, முகம் அருவருப்பில் போகிற போக்கிலேயே போய் முடிகிறது.

பிறந்த கதைக்கு வருவோம். சொல் ஒன்றும் பழையது இல்லை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி முதல் பதிவாக 1903-ஐத் தருகிறது. ரைட் சகோதரர்கள் பறந்த அதே வருடம், அதே நாடு. எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு ஊகங்கள் உலவுகின்றன. ஒன்று, பசையைக் குறிக்கும் 'க்ளூ' என்பதன் ல ஒலி தேய்ந்து 'கூ' ஆனது. இன்னொன்று, கப்பலோடிகள் தின்ற 'பர்கூ' என்ற ஓட்ஸ் கூழின் வால் மட்டும் அறுந்து விழுந்தது. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கிறது. நிரூபிக்க முடியும் என்பதால் அல்ல, ஆறிப்போன கூழை மனதில் கொண்டுவந்து பார்த்தால் அந்தச் சொல் கச்சிதமாக உட்காருகிறது என்பதால்.

குழந்தைகள் 'கூ கூ' என்று மழலை பேசுவதற்கும் இதற்கும் வேர் ஒன்றல்ல. பிறந்து சில மாதங்களில் குழந்தை தொண்டையின் பின்பக்கத்திலிருந்து எழுப்பும் ஒலிகளுக்குக் குழந்தைமொழி ஆய்வாளர்கள் 'கூயிங்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் வேர் வேறானாலும் வாசனை ஒட்டிக்கொண்டது. பிசுபிசுப்பைக் குறிக்கிற 'கூ'விலும் ஒரு குழந்தைத்தனம் இருக்கிறது. பெரிய மனிதர் ஒருவர் அதைச் சொல்லும்போது சற்றே சிரிப்பு வருவது அதனால்தான்.

இலக்கணம் சொல்ல அதிகம் இல்லை. மணல், நீர் மாதிரி எண்ண முடியாத பெயர். ஒன்று, இரண்டு என்று அடுக்க முடியாது. 'கொஞ்சம் கூ', 'ஒரு உருண்டை கூ' என்றுதான் வரும். அதிலிருந்து 'கூயி' என்று ஒரு பெயரடை. கணினிக்காரர்கள் திரையில் தெரியும் வரைகலை இடைமுகத்தைச் சுருக்கிச் சொல்லும்போதும் உச்சரிப்பு அதே 'கூயி'தான். மென்பொருள் கூட்டத்தில் யாராவது 'கூயி சரியில்லை' என்றால் துணியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

ஆனால் பெயரும் பெயரடையும் ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு குணத்தோடு வளர்ந்தவை. 'கூ' என்றால் முகம் சுளிப்பு. 'கூயி' என்றால், சாப்பாட்டு விஷயத்தில், பாராட்டு! வெட்டினால் நடுவில் உருகி வழிகிற சாக்லேட் கேக்கை 'கூயி' என்று ஆசையோடு வர்ணிப்பார்கள். அதே கேக்கை 'கூ' என்றால் சமைத்தவர் கோபித்துக்கொள்வார். மொழிபெயர்க்கிறவர்கள் வழுக்குகிற இன்னொரு இடம் இது. உருகி வழிகிற, இழுபடுகிற, வாயில் கரைகிற என்று இடத்துக்குத் தக்கபடி போக வேண்டியதுதான். பிசுபிசு என்று போட்டால் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

மனித உணர்ச்சிக்கும் இந்தப் பொருள் தாவியிருக்கிறது. அளவுக்கு மீறிக் கசிகிற அன்பு, காதல் வசனம், கண்ணீர்ப் படம் எல்லாவற்றையும் 'கூயி' என்று கிண்டல் செய்வார்கள். இதற்கு நமக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. அவன் வழிகிறான் என்கிறோம். ஜொள்ளு விடுகிறான் என்கிறோம். உருகுகிறாள், குழைகிறாள் என்கிறோம். கெட்டியாக ஒழுகுகிற திரவத்தை மனிதர்களுக்கு ஏற்றிச் சொல்வதில் தமிழ் இன்னும் நுணுக்கம்: உருகுவதில் மரியாதை இருக்கிறது, பக்திக்கும் பொருந்தும், குழைவதில் பாதி மரியாதை, வழிவதில் துளியும் இல்லை.

இப்போது உறவுக்காரர்கள். 'கூ'வுக்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் நிறைய. அதில் 'கங்க்' என்பதன் கதை கேட்க வேண்டியது. பழைய மின்விசிறி இறக்கையில், சங்கிலிப் பற்களில், வடிகால் குழாயின் வளைவில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக உறைந்திருக்குமே, அதுதான் கங்க். தமிழில் 'பிசுக்கு' என்றால் கச்சிதம். இதற்கு மட்டும் நம்மிடம் நேர்ச்சொல் தயாராக இருக்கிறது. ஆனால் 1932-இல் அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பதிவுசெய்தது ஏ. எஃப். கர்ரன் என்ற கம்பெனி, பிசுக்கை நீக்குகிற ஒரு திரவ சோப்புக்கு. நோய்க்கு மருந்தின் பெயரே வந்து சேர்ந்த மாதிரி, துடைக்கப்பட வேண்டிய அழுக்குக்கே துடைக்கிற பொருளின் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் இல்லாத பொருள் எந்தப் பெயர் அருகில் வந்தாலும் பிடித்துக்கொள்ளும் போல.

'கூப்' என்பதும் திசைமாறி வந்தது. 1900-இல் ஜெலெட் பர்ஜஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் சிறுவர்களுக்கு நல்ல பழக்கம் சொல்லித்தர, விரலை நக்குகிற, மேஜையில் சிந்துகிற மொட்டைத்தலை உருவங்களை வரைந்து 'கூப்' என்று பெயர் வைத்தார். பிறகு சிந்துகிற பிசுபிசுப்புக்கும் அதே பெயர் வழங்கலானது. நடிகை க்வினெத் பால்ட்ரோ 2008-இல் தொடங்கிய நிறுவனத்துக்கும் இதே பெயர்தான். அது அவருடைய பெயரின் முதலெழுத்துகளுக்கு நடுவே இரண்டு 'ஓ' சேர்த்தது என்பது வேறு விஷயம்.

'ஸ்லைம்' கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அது வழவழப்பு, பெரும்பாலும் உயிருள்ள ஏதோ ஒன்றிலிருந்து வருவது. நத்தை விட்டுப்போகிற தடம் ஸ்லைம். 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நெடுஞ்சாலையொன்றில் ஹாக்ஃபிஷ் என்ற மீன்களைச் சுமார் 3,400 கிலோ ஏற்றிச் சென்ற லாரியிலிருந்து சரக்கு சாலையில் கொட்டியது. பயந்தால் அந்த மீன் உடம்பிலிருந்து கொஞ்சம் சளி போன்ற பொருளை விடும். அது தண்ணீரில் கலந்து நொடிக்குள் பல மடங்கு பெருகும். சாலையும் கார்களும் வெள்ளை வழவழப்பில் மூழ்கிய படங்கள் உலகமெல்லாம் சுற்றின. செய்திகளில் 'ஸ்லைம்' என்றே அதிகம் வந்தது, சரியாகவும் வந்தது. அந்த மீனுக்கு அது தற்காப்பு. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அதைத் துடைக்கப் போனவர்களின் கையில்தான் அது 'கூ'.

தெரியாத பொருளை 'தெரியாது' என்று விட்டுவைப்பதன் அருமை அறிவியலிலும் ஒருமுறை புரிந்தது. 1857-இல் 'சைக்ளோப்ஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பல் வட அட்லாண்டிக்கின் ஆழத்திலிருந்து சேறு அள்ளி வந்தது. அதைச் சாராயத்தில் போட்டுப் பாதுகாத்தார்கள். 1868-இல் தாமஸ் ஹக்ஸ்லி அந்தப் புட்டிகளை மறுபடி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, சேற்றுத் துணுக்குகளுக்கு இடையே கூழ் மாதிரி ஏதோ ஒன்று படர்ந்திருந்தது. டார்வினுக்காக மேடையில் வாதாடிய அதே ஹக்ஸ்லி. உயிரின் தொடக்கப் பொருளே இதுதானோ என்று அவருக்குப் பட்டது. கடலடி முழுக்க விரிந்து கிடக்கும் உயிர்க்கூழ்! உடனே லத்தீனில் பெயரும் வைத்தார்: 'பாத்திபியஸ் ஹெக்கெலி', ஜெர்மன் உயிரியலாளர் எர்னஸ்ட் ஹெக்கலுக்கு மரியாதையாக. ஹெக்கலுக்குப் பெருமகிழ்ச்சி, ஆதிக்கூழ் ஒன்று இருந்தாக வேண்டும் என்று அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்.

1872-இல் 'சாலஞ்சர்' கப்பல் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்டது. போன இடமெல்லாம் சேறு அள்ளினார்கள். அள்ளிய ஈரத்தோடு பார்த்தால் எதுவும் இல்லை. சாராயம் ஊற்றினால் மட்டும் கூழ் தோன்றியது. கப்பலில் இருந்த வேதியியலாளர் ஜான் யங் புக்கனன் முடிச்சை அவிழ்த்தார்: கடல்நீரில் வலுவான சாராயம் சேர்ந்தால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் சல்ஃபேட் மெல்லிய கூழாக வீழ்படிகிறது. பாதுகாக்க ஊற்றியதுதான் உயிரைப் படைத்திருக்கிறது. 1875-இல் ஹக்ஸ்லி தவறை ஒப்புக்கொண்டு எழுதினார். அதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. 'கூ' என்ற சொல் அப்போது பிறக்கவில்லை. பிறந்திருந்து, புட்டியின்மேல் அதை எழுதி ஒட்டியிருந்தால், ஏழு வருடக் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

சரி, பெயர் கிடக்கட்டும், ஒரு பொருள் ஏன் ஒட்டுகிறது? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிற எந்தப் பரப்பும் நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு கெட்டியான பொருள்களைச் சேர்த்தால் மேடுகளின் முனைகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், எடுத்தால் வந்துவிடும். நடுவில் மெத்தென்ற ஒரு பொருள் இருந்தால் அது பள்ளங்களுக்குள் வழிந்து இறங்கி முழுப் பரப்பையும் தொட்டுவிடும். இறங்குவதற்கு அது திரவம் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். பிரிக்கும்போது உடனே விட்டுவிடாமல் நூல் நூலாக இழுபட வேண்டும், அதற்குத் திடப்பொருளின் குணம் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பிசுபிசுப்பு. தண்ணீர் இறங்கும், இழுபடாது. கண்ணாடி இழுபடவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. ஒட்டுநாடாக்களை ஆராய்ந்த கார்ல் டால்க்விஸ்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை ஓர் அளவாகவே சொன்னார்: பொருளின் விறைப்பு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால்தான் லேசாக அழுத்தியதும் ஒட்டும். எல்லை, விறைப்பை அளக்கும் பாஸ்கல் என்ற அலகில், ஏறத்தாழ 3 லட்சம்.

இதை வைத்து என் டார்ச்சைப் புரிந்துகொள்ளலாம். அதன் கைப்பிடியில் பூசியிருந்தது பாலியூரிதேன் வகை மென்பூச்சாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் காற்றின் ஈரம் பட்டுப் பட்டு, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுகின்றன. அறுந்த சங்கிலி நெகிழ்ந்து போகிறது. விறைப்பு அந்த எல்லைக்குக் கீழே இறங்கிய நாளில் கைப்பிடி ஒட்டத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து எதுவும் வந்து ஒட்டவில்லை, கைப்பிடியே 'கூ'வாகிவிட்டது. பழைய பைனாகுலர், மவுஸ், ரேடியோ வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினால் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தால் பூச்சு முழுவதும் உருண்டு உருண்டு வந்து, அடியிலிருக்கும் கெட்டி பிளாஸ்டிக் வெளியே தெரியும்.

புட்டியில் ஸ்டிக்கரை உரித்தபின் மிஞ்சுகிற ஒட்டல் வேறு ரகம். அதில் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் போதும். எண்ணெய் ஒட்டுப்பொருளுக்குள் புகுந்து அதை ஊதவைக்கும், பிடி தளரும். அமெரிக்காவில் இதற்கென்றே விற்கிற ஒரு திரவத்தின் பெயர் 'கூ கான்'. 'கூ' போச்சு என்று அர்த்தம். ஆரஞ்சு வாசனை அடிக்கும்.

எவ்வளவு கெட்டியானால் அது 'கூ' இல்லாமல் போகும்? ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னல் என்ற பேராசிரியர் 1927-இல் ஒரு புனலில் தாரைப் போன்ற பிட்ச் என்ற பொருளை உருக்கி ஊற்றி, 1930-இல் அடியைத் திறந்துவிட்டார். சுத்தியலால் அடித்தால் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஆனால் புனலிலிருந்து சொட்டுகிறது. 2014 வரை விழுந்த சொட்டுகள் 9. தண்ணீரைவிட ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு கெட்டி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதை யாரும் 'கூ' என்பதில்லை. கையில் ஒட்டாததற்குக் கையின் சொல் பொருந்தாது.

பொருந்தாத இடம் இன்னொன்றும் இருக்கிறது. இது இயற்பியல் இல்லை, நாகரிகம். 1919 ஜனவரி 15-ஆம் தேதி பாஸ்டன் நகரில் வெல்லப்பாகு நிரம்பிய பெரிய தொட்டி ஒன்று வெடித்துத் தெருவில் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள். பாகு மெதுவாகத்தான் ஊரும் என்று நினைக்கிறோம். அது அன்றைக்கு ஓடித் தப்ப முடியாத வேகத்தில் வந்தது. 'கூ'வுக்குரிய எல்லாக் குணமும் அதற்கு இருந்தது: ஒட்டியது, வழிந்தது, துடைக்க வாரக்கணக்கானது. இருந்தாலும் அந்தச் சாவுகளைப் பற்றி எழுதும்போது 'கூ' என்று எழுதினால் படிக்கிறவர் அதிர்ந்துபோவார். அந்தச் சொல்லுக்குள் ஒரு இளிப்பு இருக்கிறது. துக்க வீட்டில் அதை வைத்துக்கொண்டு நுழைய முடியாது. மருத்துவ அறிக்கையிலும் ஆய்வுக்கூடக் குறிப்பிலும் இடமில்லாததும் இதனால்தான். கண்ணில் பீளை கட்டியிருப்பதை ஆங்கிலத்தில் 'கண் கூ' என்று வீட்டில் சொல்வார்கள், குழந்தைகள் மருத்துவரும் தாயிடம் சொல்லலாம். ஆனால் எழுதும்போது 'சுரப்பு' என்றுதான் எழுதுவார்.

இந்த இளிப்பைத் தெரிந்தே பயன்படுத்தியவர் ஒருவர் உண்டு. பிறகு அதற்காக வருந்தியவரும் அவரே. 1986-இல் நானோ தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதிய எரிக் டிரெக்ஸ்லர் ஒரு கற்பனை அபாயத்தைச் சொன்னார். தன்னைத்தானே பிரதியெடுக்கும் நுண்ணெந்திரங்கள் கட்டுமீறிப்போனால் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் தின்று தம்மையே பெருக்கிக்கொண்டு உலகையே மூடிவிடலாம். அதற்கு அவர் தந்த பெயர் 'கிரே கூ', சாம்பல் நிறக் கூழ். அது சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்றோ பிசுபிசுக்க வேண்டும் என்றோ அவசியமில்லை என்று அவரே அங்கே சொல்கிறார். பின்னே ஏன் அந்தப் பெயர்? எல்லா உயிரையும் வென்று நிற்கப்போகிற ஒன்று, ஒரு புல்லுக்குரிய சுவாரஸ்யம்கூட இல்லாததாக இருக்கலாம் என்பதை உணர்த்தத்தான். வெற்றி பெற்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட அவர் விரும்பவில்லை. என் கணக்கில் அந்தச் சொல்லை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர் வேறு யாருமில்லை.

தமிழ் படிப்பவருக்கு இதில் ஒரு சிலேடை இலவசம். ஓரெழுத்து ஒருமொழிகளில் 'கூ' என்பதும் ஒன்று. அதற்குப் பூமி என்று பொருள். ஆக, கூவைக் 'கூ' விழுங்குகிற கதை.

சொல் சரியாக இருந்ததே வினையானது. தொழில்நுட்பத்தை மறந்து, எல்லாரும் கூழைப் பிடித்துக்கொண்டார்கள். 2003-இல் பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் சாம்பல் கூழை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை என்று மறு வருடம் அவர் எழுத வேண்டியதாயிற்று. அதே 2004-இல் டிரெக்ஸ்லரும் அந்தப் பெயரைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றார். அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி எந்த ஆல்கஹால் போட்டுத் துடைத்தாலும் போகாது. தமிழில் இதை 'சாம்பல் பசை' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சரிபார்ப்பவரின் குரல் கேட்கிறது: எந்தப் பசை? 'சாம்பல் கூழ்' தேவலை. ழகரமாவது இருக்கிறது.

திரும்பி வந்த அந்தப் பயன்பாட்டுக் குறிப்பை நான் மூன்று முறை மாற்றினேன். 'ஒட்டும் பொருள்' என்று முதலில் போட்டேன். சட்டப் புத்தகம் மாதிரி இருந்தது. 'பிசுக்கு' என்று போட்டேன். எண்ணெயும் தூசியும் இருந்தால் மட்டும் துடைத்தால் போதும், வேறு எது இருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. கடைசியில் அச்சில் போனது இது: 'அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று எது ஒட்டினாலும் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.' ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லில் முடிந்தது தமிழில் இரண்டு வாக்கியமாகிவிட்டதே என்று அவர் மறுபடி கேட்டார். "கையால தொட்டாத்தானே அது என்னன்னு தெரியும்" என்றேன். "தொட்டாலும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.